அவளா, அவள் நினைவா?

தபாலில் ஓர் அட்டை வருகிறது. இன்னார் உங்களைத் தன் நினைவிலிருந்து அழித்துவிட்டார், இனி அவரிடம் பழைய உறவைப் பற்றிப் பேச வேண்டாம் என்று இரண்டே வரி. அனுப்பியது ஒரு நிறுவனம். பிரெஞ்சுக் கலைஞர் பியர் பிஸ்முத் தன் நண்பரான திரைப்பட இயக்குநர் மிஷெல் கோந்த்ரியிடம் சொன்ன யோசனை இவ்வளவுதான். கோந்த்ரி அதைத் திரைக்கதை எழுத்தாளர் சார்லி காஃப்மனிடம் கொண்டுபோனார். 2004இல் 'எடர்னல் சன்ஷைன் ஆஃப் த ஸ்பாட்லெஸ் மைண்ட்' வெளியானது. மறு ஆண்டு, சிறந்த அசல் திரைக்கதைக்கான ஆஸ்கர் மூவருக்கும் சேர்த்துக் கிடைத்தது.

அந்த அட்டையில் உள்ள கொடுமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். காதல் முறிவது பழைய கதை. இங்கே நடந்தது முறிவுகூட இல்லை. முறிந்ததற்கான துக்கம் ஒரு பக்கம் மட்டுமே இருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் இருப்பவருக்கு எதுவுமே நடக்கவில்லை. வள்ளுவர் 'நினைந்தவர் புலம்பல்' என்று ஓர் அதிகாரமே எழுதியிருக்கிறார். என் நெஞ்சில் அவர் இருக்கிறார், அவர் நெஞ்சில் நான் இருக்கிறேனா என்று அதில் ஒரு பெண் கேட்கிறாள். பதில் தெரியாதவரை அந்தக் கேள்வியோடு வாழலாம். அட்டை செய்வது, 'இல்லை' என்ற பதிலை அச்சடித்து அனுப்புவதுதான்.

அட்டையைப் பார்த்த படத்தின் நாயகன் ஜோயல் தானும் அதே நிறுவனத்துக்குப் போகிறான். நிறுவனத்தின் பெயர் லக்கூனா. லத்தீனில் பள்ளம், இடைவெளி என்று பொருள். தன்னை அழித்துவிட்ட காதலி கிளெமெண்டைனோடு தொடர்புள்ள எல்லாப் பொருளையும் ஒரு மூட்டையாகக் கட்டிக்கொண்டு வரச் சொல்கிறார்கள். ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டும்போது மூளையில் எங்கே பொறி பறக்கிறது என்று பார்த்து வரைபடம் தயாரிக்கிறார்கள். அன்றிரவு அவன் தூங்கும்போது வீட்டுக்கே இரண்டு ஆட்கள் வந்து, புதிய நினைவில் ஆரம்பித்துப் பழையதை நோக்கி ஒவ்வொன்றாக அழிக்கிறார்கள்.

படத்தின் உயிர் இந்த வரிசையில்தான் இருக்கிறது. புதிய நினைவுகள் என்றால் சண்டைகள், சலிப்பு, உணவு விடுதியில் பேச எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருந்த இரவுகள். அவை போகும்போது ஜோயலுக்கு நிம்மதியாகத்தான் இருக்கிறது. பின்னோக்கிப் போகப் போக நல்லவை வர ஆரம்பிக்கின்றன. ஒரு போர்வைக்குள் இருவரும் படுத்திருக்கிறார்கள். கிளெமெண்டைன் சின்ன வயதில் தன்னை அசிங்கமானவள் என்று நினைத்துக்கொண்டிருந்ததைச் சொல்கிறாள். அவளிடம் ஓர் அழகற்ற பொம்மை இருந்தது. அதற்கும் தன் பெயரையே வைத்து, அழகாகு அழகாகு என்று அதட்டுவாளாம். அவள் சொல்லி முடிப்பதற்குள் காட்சி கரைய ஆரம்பிக்கிறது. இந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள விடுங்கள் என்று ஜோயல் கத்துகிறான். கேட்க ஆள் இல்லை. கத்துவதும் அவன் தலைக்குள்தான்.

கோந்த்ரி இதையெல்லாம் பெரும்பாலும் கணினி வரைகலை இல்லாமல், கேமராவுக்கு முன்னாலேயே செய்தார். ஜோயல் குழந்தையாகிச் சமையலறை மேசைக்கு அடியில் ஒளியும் காட்சியில், தூரத்தையும் அளவையும் ஏமாற்றும் செட் ஒன்றைக் கட்டி ஜிம் கேரியைக் குட்டியாகக் காட்டினார். மருத்துவர் அறையில் ஜோயல் தன்னையே பார்க்கும் காட்சியில், ஒரே ஷாட்டுக்குள் கேரி கேமராவின் முதுகுப் பக்கமாக ஓடி, உடையை மாற்றிக்கொண்டு மறுபக்கம் உட்கார்ந்தார். புத்தகக் கடையில் அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் உள்ள புத்தக முதுகுகளில் எழுத்துகள் மறைந்து வெள்ளையாகிக்கொண்டே வரும். முதல் முறை பார்ப்பவர்களில் பலர் இதைக் கவனிப்பதில்லை. மறப்பதும் அப்படித்தானே, நடக்கும்போது நமக்குத் தெரிவதில்லை.

சரி, இதற்கு அறிவியல் புனைவு எதற்கு? நினைவு இழந்த காதலர்கள் நம் திரைக்கு ஒன்றும் புதியவர்கள் அல்லர். 1982இல் வந்த 'மூன்றாம் பிறை'யின் ரயில் நிலையக் காட்சியை மறந்தவர்கள் இருக்க முடியாது. 2005இல் வந்த 'கஜினி'யின் நாயகனுக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் எதுவும் தங்காது. ஆனால் இந்தக் கதைகளில் நினைவு போவது விபத்தாலோ வில்லன் அடித்ததாலோ. தலையில் அடிபடுகிறது, நினைவு போகிறது. மறந்தவர் மீது பழி இல்லை, விதி என்று சொல்லிக்கொள்ளலாம். 'மூன்றாம் பிறை' நம்மை உலுக்குவதே, அவள் மீது கோபப்பட வழியே இல்லாததால்தான்.

அறிவியல் புனைவு செய்யும் முதல் வேலை, விபத்தை எடுத்துவிட்டு அங்கே ஒரு கையெழுத்தை வைப்பது. மறதியை யாரோ விரும்பிக் கேட்டார்கள், யாரோ காசு கொடுத்தார்கள், யாரோ இயந்திரத்தை இயக்கினார்கள். உடனே நினைவு ஒரு பொருளாகிவிடுகிறது; அழிக்கலாம், நகலெடுக்கலாம், இன்னொருவர் தலையில் நடலாம், விற்கலாம். பொருளானதும் கேள்விகள் வந்து நிற்கின்றன. என் நினைவில் நீ இருக்கிறாய் என்றால் அது யாருடைய சொத்து? அதை அழிக்க உன்னைக் கேட்க வேண்டாமா? லக்கூனாவின் வரவேற்பில் வேலை பார்க்கும் மேரி தன் மருத்துவர் மீது ஆசைப்படுகிறாள். ஏற்கெனவே ஒரு முறை அவர்மீது காதல் கொண்டதையும், அதைத் தானே சம்மதித்து அழித்துக்கொண்டதையும் அப்புறம்தான் தெரிந்துகொள்கிறாள். முதல் தடவை விழுந்த குழியிலேயே, அது குழி என்று தெரியாமல், மறுபடி விழுந்திருக்கிறாள். என்னைக் கேட்டால் படத்தின் பயங்கரமான பகுதி இந்தக் கிளைக்கதைதான்.

இதே படத்தைப் பற்றி ஒரு தவற்றை ஒப்புக்கொள்கிறேன். கடைசியில் இருவரும் மாறி மாறி 'சரி', 'சரி' என்று சொல்லிக்கொள்வார்கள். அது பனி மூடிய கடற்கரையில் நடப்பதாகவே பல வருடம் நினைத்திருந்தேன். நண்பர்களிடம் அப்படித்தான் விவரித்தும் இருக்கிறேன். மறுபடி பார்த்தபோது, நடப்பது வீட்டு வாசலுக்கு வெளியே ஒரு சாதாரண நடைவழியில். கடற்கரை அதற்கு அடுத்து வரும் கடைசி ஷாட். இரண்டையும் என் மூளை ஒட்டித் தைத்து, எனக்குப் பிடித்த இடத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டது.

மூளை இதைத்தான் செய்கிறது என்று ஆய்வுகளும் சொல்கின்றன. 2000ஆம் ஆண்டு கரீம் நாடர், க்ளென் ஷேஃப், ஜோசப் லெடூ ஆகியோர் 'நேச்சர்' இதழில் ஓர் எலிப் பரிசோதனையை வெளியிட்டார்கள். ஓர் ஒலி, உடனே காலில் மின்னதிர்ச்சி என்று எலிகளுக்குப் பழக்கினார்கள். ஒலி கேட்டாலே எலி அசையாமல் உறைந்துவிடும். நினைவு நன்றாகப் பதிந்த பிறகு மறுபடி ஒலியை எழுப்பி, உடனே மூளையின் அமிக்டலா பகுதியில், புதிய புரதம் உருவாவதைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தினார்கள். பயம் போய்விட்டது. ஒலியை எழுப்பாமல் மருந்தை மட்டும் கொடுத்தால் எதுவும் ஆகவில்லை. அதாவது, தூங்கும் நினைவை மருந்து தொடுவதில்லை. எழுப்பிய நினைவுதான் இளகுகிறது. ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் நினைவு பெட்டியிலிருந்து வெளியே வந்து, மறுபடி உள்ளே போக வேலை நடக்கிறது. அந்த நேரத்தில் அதைக் கெடுக்கலாம், திருத்தலாம்.

பொருளைக் காட்டி நினைவை எழுப்பு, எழுந்ததை அழி என்ற லக்கூனாவின் முறையோடு இது ஒத்துப்போவதைப் பாருங்கள். படம் எங்கே தவறு செய்கிறது என்றால், ஒரு நினைவை வரைபடத்தில் ஒரு புள்ளியாகக் காட்டுவதில். ஒரு மாலை நேரத்தின் நினைவு மூளையில் ஓரிடத்தில் மட்டும் உட்கார்ந்திருப்பதில்லை. பார்த்தது ஓரிடம், கேட்டது ஓரிடம், அப்போது பயந்தோமா மகிழ்ந்தோமா என்பது இன்னோரிடம் என்று சிதறிக் கிடக்கிறது. அவற்றைச் சேர்த்துக் கட்டுவதில் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. வலிப்பு நோய்க்காக 1953இல் இருபுறமும் அந்தப் பகுதி அகற்றப்பட்ட ஹென்றி மொலைசனுக்கு, அதன்பின் சந்தித்த எவரும் நினைவில் தங்கவில்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் அவர் நாளுக்கு நாள் தேறினார், முந்தைய நாள் பயிற்சி செய்ததே தெரியாமல். கைக்கு ஒரு ஞாபகம், ஆளுக்கு வேறு ஞாபகம்.

காதலுக்கும் அப்படித் தனி ஞாபகம் உண்டா? ஜஸ்டின் ஃபைன்ஸ்டைனும் சகாக்களும் 2010இல் அயோவா பல்கலைக்கழகத்திலிருந்து வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே ஒட்டி வருகிறது. ஹிப்போகாம்பஸ் சேதமானவர்களுக்குச் சோகமான படத் துண்டுகளையும் மகிழ்ச்சியான படத் துண்டுகளையும் போட்டுக் காட்டினார்கள். சற்று நேரத்தில் என்ன பார்த்தோம் என்பது அவர்களுக்கு அநேகமாக மறந்துவிட்டது. சோகம் மட்டும் போகவில்லை. எதற்காக அழுத்துகிறது என்று தெரியாமலேயே நெஞ்சு கனத்திருந்தது. இதற்கு நேர்மாறான ஒன்றை மெரல் கிண்ட் குழு 2009இல் ஆம்ஸ்டர்டாமில் செய்தது. சிலந்திப் படத்தையும் மின்னதிர்ச்சியையும் இணைத்துப் பழக்கியவர்களுக்கு, நினைவை எழுப்பும் நேரத்தையொட்டி ப்ரோப்ரனலால் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். மறுநாள் அவர்கள் அந்தப் படத்தைப் பார்த்து, இதற்கு அதிர்ச்சி வரும் என்று சரியாகவே சொன்னார்கள். ஆனால் உடம்பு திடுக்கிடவில்லை. அங்கே விவரம் போய் உணர்வு மிஞ்சியது. இங்கே உணர்வு போய் விவரம் மிஞ்சியது. காதல் முறிந்தவர்கள் உண்மையில் வேண்டுவது இந்த இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது. அவள் யார் என்று தெரிய வேண்டும், வலி மட்டும் இருக்கக் கூடாது. ஆனால் அதை வைத்து யாரும் இன்னும் பெரிய படம் எடுத்ததாகத் தெரியவில்லை. திரைக்கு அழகு, பெயர் மறந்தும் கண் கலங்குவது.

(எலிகள் உலகில் காதலுக்கு மிக அருகில் போன சோதனை 2014இல் அமெரிக்காவின் எம்ஐடியில், சுசுமு டோனெகாவாவின் ஆய்வகத்தில் நடந்தது. மின்னதிர்ச்சி வாங்கிய இடத்தின் நினைவைத் தாங்கும் நரம்பணுக்களை, ஆண் எலி பெண் எலிகளோடு இருக்கும்போது ஒளியால் தூண்டினார்கள். கசந்த நினைவு இனிக்க ஆரம்பித்தது. கோந்த்ரியிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.)

அந்தக் கண் கலங்கும் வழக்கத்தின் மீது எனக்கு ஒரு புகார் உண்டு. மூளை மறந்தாலும் இதயம் மறக்காது என்று முடிகிற படங்கள் ஒரு கணக்கைப் போட்டுவிட்டு, விடை எழுதும் நேரத்தில் தாளைக் கிழித்துவிடுகின்றன. நினைவை அழித்தாலும் காதல் அழியாது என்றால், அழித்ததற்கே அர்த்தம் இல்லையே. 'எடர்னல் சன்ஷைன்' இதிலிருந்து பாதி தப்புகிறது. இருவரும் அழித்துக்கொள்ளும் முன் ஒருவரைப் பற்றி ஒருவர் பேசிய ஒலிநாடாக்கள் கடைசியில் அவர்கள் கைக்கு வருகின்றன. தங்கள் குரலே தங்களைத் திட்டுவதைக் கேட்டபின் சொல்லப்படும் 'சரி' அது. அங்கே நினைவு திரும்பி வரவில்லை, ஒரு தகவல்தான் வந்திருக்கிறது. தெரிந்தே இறங்குகிறார்கள்.

மற்ற பாதியில் மாட்டிக்கொள்கிறது. ஜோயலின் தலைக்குள் கடைசி நினைவு அழியும்போது, கிளெமெண்டைன் அவன் காதில் மாண்டாக்குக்கு வா, அங்கே சந்திப்போம் என்று கிசுகிசுக்கிறாள். விடிந்ததும் ஏனென்று தெரியாமல் அவன் ரயில் மாறி அந்தக் கடற்கரைக்குப் போகிறான். சரி, போகட்டும். ஆனால் அவளும் அங்கே நிற்கிறாள், அது எப்படி? கிசுகிசுத்தவள் நிஜக் கிளெமெண்டைன் அல்லவே. அவன் மூளை செய்த கிளெமெண்டைன் அவள். அவளுடைய ஒவ்வொரு வாக்கியமும் இவன் எழுதிக் கொடுத்தது. படம் முழுவதும் நாம் காதலித்ததும் அவளைத்தான், நிஜமானவளை அதிகம் பார்க்கவே இல்லை. படம் இதைத் தெரிந்து வைத்திருக்கிறதா, தெரியாமல் விட்டதா என்பதில் இன்றுவரை என்னால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

இந்த ஓட்டையையே கதையாக எடுத்துக்கொண்டது 'சொலாரிஸ்'. ஸ்தனிஸ்லாவ் லெம் 1961இல் நாவலாக எழுதினார். ஆந்த்ரேய் தர்கோவ்ஸ்கி 1972இல் படமாக்கினார், ஸ்டீவன் சோடர்பெர்க் 2002இல் மறுபடி எடுத்தார். தொலைதூரக் கோள் ஒன்றை மூடியிருக்கும் கடல் ஒரு உயிர். மேலே மிதக்கும் ஆய்வு நிலையத்தில் இருப்பவர்களின் மனத்தைத் தோண்டி, அங்கே ஆழத்தில் கிடப்பவர்களை உடலோடு செய்து அனுப்புகிறது. உளவியலாளர் கெல்வின் அங்கே போய் இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே, பல வருடங்களுக்கு முன் தற்கொலை செய்துகொண்ட மனைவி ஹாரி எதிரே உட்கார்ந்திருக்கிறாள். விஷ ஊசி போட்டுக்கொண்ட தழும்பு கையில் அப்படியே இருக்கிறது.

தர்கோவ்ஸ்கியின் படத்தில் ஒரு சின்ன இடம். ஹாரி உடை மாற்ற வேண்டும். முதுகில் உள்ள நாடாவை அவிழ்க்கச் சொல்கிறாள். கெல்வின் பிரிக்கப் பார்க்கிறான், முடியவில்லை. நாடா இருக்கிறது, முடிச்சு இருக்கிறது, ஆனால் அடியில் திறப்பே இல்லை. துணி ஒரே துணியாக ஓடுகிறது. கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. அவன் நினைவில் உடையின் தோற்றம் இருந்தது. அது எப்படித் திறக்கும் என்பது இல்லை. கடலுக்குக் கிடைத்தது அவ்வளவுதான், அதனால் அவ்வளவைத்தான் தைத்தது.

உடைக்குப் பொருந்துவது ஆளுக்கும் பொருந்தும். இந்த ஹாரிக்குக் கெல்வினுக்குத் தெரிந்தது மட்டுமே தெரியும். அவனை விட்டு ஒரு நிமிடம் பிரிந்தாலும் தாங்க மாட்டாள். பூட்டிய உலோகக் கதவைக் கிழித்துக்கொண்டு வருகிறாள். அவனுடைய நினைவிலிருந்து செய்யப்பட்டவளுக்கு அவனுக்கு வெளியே இருக்க இடம் ஏது? பிறகுதான் படம் தன் உண்மையான வேலையைத் தொடங்குகிறது. நாட்கள் போகப் போக அவளுக்குத் தான் ஹாரி இல்லை என்பது புரிகிறது. அது புரிந்த கணத்திலிருந்து அவனுக்குத் தெரியாத ஒன்று அவளிடம் சேர ஆரம்பிக்கிறது. நகல் மெல்ல மெல்ல ஆளாகிறாள். கடைசியில் அவனிடம் சொல்லாமல் தன்னை அழித்துக்கொள்ளச் சம்மதிக்கிறாள். அவன் நினைவில் இல்லாத ஒரு முடிவை எடுக்கும்போதுதான் அவள் தனி மனுஷி.

லெமுக்குப் படம் பிடிக்கவில்லை. தர்கோவ்ஸ்கி எடுத்தது சொலாரிஸ் இல்லை, தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' என்று சொன்னார். அவருக்கு முக்கியம் கடல். மனிதனால் என்றைக்கும் புரிந்துகொள்ள முடியாத ஒன்றின் முன் மனிதன் நிற்பது. காதல் அதற்கு ஒரு வழி மட்டுமே. அவர் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் புரிந்துகொள்ள முடியாதது கடல் மட்டும்தானா? கூடவே வாழ்ந்தவளின் உடை எப்படித் திறக்கும் என்று தெரியாத ஒருவனுக்கு, கடலுக்குப் போகும் முன் வீட்டிலேயே ஒரு சொலாரிஸ் இருந்திருக்கிறது.

நகல் கதையின் இன்னொரு கிளை 'ப்ளேட் ரன்னர்'. 1982 படத்தில் செயற்கை மனுஷியான ரேச்சல் தன் சிறுவயது நினைவுகள் அனைத்தும் தன்னைச் செய்தவரின் உறவுப் பெண்ணுடையவை, தன் தலையில் நடப்பட்டவை என்று தெரிந்துகொள்கிறாள். அதன் பிறகு ஒரு காட்சியில் பியானோ வாசிக்கிறாள். பாடம் கற்றது ஞாபகம் இருக்கிறது, ஆனால் கற்றது நானா அந்தப் பெண்ணா என்று தெரியவில்லை என்கிறாள். அவளைக் காதலிக்கும் நாயகன் டெக்கார்ட் அதற்குப் பதில் சொல்லவில்லை. அழகாக வாசிக்கிறாய் என்கிறான். நினைவு யாருடையதாகவும் இருக்கட்டும், விரல்கள் உன்னுடையவை. இந்த ஒரு வரிக்காகவே அந்தப் படத்தின் பல குறைகளை மன்னிக்கலாம்.

2017இல் வந்த 'ப்ளேட் ரன்னர் 2049' அதை அப்படியே திருப்பிப் போடுகிறது. ரேச்சல் செத்து எத்தனையோ வருடமாகிவிட்டது. கிழவனான டெக்கார்டிடமிருந்து ரகசியத்தைக் கறக்க, ஒரு முதலாளி அவளை அச்சு அசலாகச் செய்து அவன் முன் நிறுத்துகிறார். அதே கூந்தல், அதே நடை. டெக்கார்ட் உற்றுப் பார்க்கிறான், கண் கலங்குகிறான், அவளுக்குக் கண் பச்சை என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொள்கிறான். உடனே அந்த நகலைச் சுட்டுக் கொல்கிறார்கள். கெல்வினுக்கு வந்த சோதனைதான் இவனுக்கும், இவன் வேறு பதில் சொன்னான். கண்ணின் நிறம் நிஜமாகவே தவறா, இல்லை மறுப்பதற்கு அவனுக்கு ஒரு சாக்கு தேவைப்பட்டதா என்று ரசிகர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். சாக்குதான் என்பது என் கட்சி.

நினைவை ஆளாகப் பார்க்காமல் ஊராகப் பார்க்கும் படங்கள் ஒரு தனி வரிசை. அவற்றுக்கெல்லாம் தாய், க்ரிஸ் மார்க்கர் 1962இல் எடுத்த 28 நிமிட 'லா ஜெட்டே'. மூன்றாம் உலகப் போருக்குப் பின் பாதாளத்தில் வாழும் ஒரு கைதியைக் காலத்தில் பின்னோக்கி அனுப்புகிறார்கள். அவனைத் தேர்ந்தெடுத்த காரணம் ஒன்றுதான்: சிறுவயதில் ஓர்லி விமான நிலையத்தில் பார்த்த ஒரு பெண்ணின் முகத்தை அவனால் மறக்க முடியவில்லை. நினைவு அவ்வளவு பலமாக இருப்பவனால்தான் அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் போக முடியும். படம் அநேகமாக முழுவதும் அசையாத புகைப்படங்களால் ஆனது. ஒரே ஓர் இடத்தில், தூங்கிக்கொண்டிருக்கும் அந்தப் பெண் கண் திறந்து பார்த்து இமைக்கிறாள், சில நொடி அசைவு. மற்றதெல்லாம் ஆல்பம், அந்த இமைப்பு மட்டும் உயிர். அவள் அவனுடைய படத்திலிருந்து வெளியே வந்து அவனைத் திருப்பிப் பார்க்கிற நேரம் அது.

ஆலன் ரெனே 1968இல் எடுத்த 'ஷ தெம், ஷ தெம்' இதன் கிறுக்குத் தம்பி. தற்கொலைக்கு முயன்று பிழைத்த ஒருவனை, ஓர் ஆண்டுக்கு முந்தைய ஒரே ஒரு நிமிடத்துக்கு மட்டும் அனுப்பப் பார்க்கிறார்கள். இயந்திரம் சிக்கிக்கொள்ள, அவன் தன் வாழ்க்கையின் துண்டுகளுக்குள் தாறுமாறாக விழுந்துகொண்டே இருக்கிறான். கடலிலிருந்து அவன் எழுந்து வரும் அந்த நிமிடம் திரும்பத் திரும்ப வருகிறது. பார்க்கப் பொறுமை வேண்டும். அந்த ஆண்டு கான் விழாவுக்குத் தேர்வாகியிருந்தது. பிரான்ஸின் மே மாதக் கிளர்ச்சியில் விழாவே பாதியில் நின்றுபோனது. வோங் கர்-வாயின் '2046' (2004) இன்னும் மென்மையாகப் போகிறது. அதில் ஓர் எழுத்தாளர் எழுதும் கதையில், தொலைந்த நினைவுகளைத் தேடி 2046 என்ற இடத்துக்கு ரயில் போகிறது. அங்கே எதுவும் மாறாது, போனவர்களில் ஒரே ஒரு பயணியைத் தவிர யாரும் திரும்பியதில்லை. ரயிலின் பணிப்பெண்கள் இயந்திரங்கள். நீண்ட பயணத்தில் களைத்துப்போய் உணர்ச்சி தாமதமாகத்தான் வரும். இன்று வருத்தமானால் கண்ணீர் நாளைக்கு. அவர்களில் ஒருத்தியிடம் கேட்டதற்குப் பதில் வராமல் போனது, அவளுக்கு என்னைப் பிடிக்காததாலா, களைப்பாலா என்று அந்தப் பயணி யோசித்துக்கொண்டே இருக்கிறான்.

மக்கோதோ ஷின்காயின் அனிமேஷன் 'கிமி நோ நா வா' (2016) பெருங்கூட்டத்தை இழுத்த படம், ஆனால் எளிதான படம் இல்லை. டோக்கியோவில் ஒரு பையனும் மலைக் கிராமத்தில் ஒரு பெண்ணும் தூக்கத்தில் உடல் மாறிக்கொள்கிறார்கள். இடையில் மூன்று வருட இடைவெளி இருப்பது பின்னால்தான் தெரிகிறது. விழித்ததும் கனவு போல எல்லாம் கலைந்துவிடும். அந்தி வெளிச்சத்தில் ஒரே ஒரு முறை நேருக்கு நேர் சந்திக்கிறார்கள். அந்திக்கான ஜப்பானியச் சொல்லே 'அது யார்?' என்ற கேள்வியிலிருந்து வந்தது என்று தொடக்கத்தில் ஒரு பள்ளி ஆசிரியை சொல்லியிருப்பார். மறக்காமல் இருக்க உள்ளங்கையில் பெயர் எழுதிக்கொள்ளலாம் என்று பேனாவை எடுக்கிறார்கள். அவன் எழுதி முடித்துவிட்டான். அவள் ஒரு கோடு இழுப்பதற்குள் வெளிச்சம் போய்விடுகிறது, பேனா தரையில் விழுகிறது. பிற்பாடு ஓடி விழுந்து எழுந்து, அவன் பெயரைத் தேடிக் கையை விரிக்கிறாள். பெயர் இல்லை. 'உன்னைப் பிடிக்கும்' என்று எழுதியிருக்கிறான். பெயர் தெரியாத ஒருவன், பிடிக்கும் என்பது மட்டும் கையில். அயோவா ஆய்வின் முடிவை ஒரு உள்ளங்கையில் எழுதச் சொன்னால் இப்படித்தான் எழுத முடியும்.

கடந்த பத்து வருடங்களில் இந்த வகைப் படங்களின் கவலை மாறியிருக்கிறது. அழிக்கும் நிறுவனத்தை இப்போது யாரும் அதிகம் கற்பனை செய்வதில்லை. நோயும் சேமிப்பும்தான் கதை. சாட் ஹார்ட்டிகனின் 'லிட்டில் ஃபிஷ்' கொரோனாவுக்கு முன்பே எடுத்து முடித்து 2021இல் வெளியானது. நினைவைத் தின்னும் தொற்று உலகெங்கும் பரவுகிறது, ஒரு இளம் கணவன் தன் நினைவுகளை மெல்ல மெல்ல இழக்கிறான். மனைவி புகைப்படங்களைக் காட்டிக் கேள்வி கேட்டு அவனைப் பிடித்து வைக்கப் பார்க்கிறாள்.

இதோடு க்ளைவ் வேரிங்கை வைத்துப் பார்க்கத் தோன்றும். பிரிட்டனின் இசைக் கலைஞரான அவருக்கு 1985இல் மூளையழற்சி வந்து, சில நொடிகளுக்கு மேல் எதுவும் தங்காமல் போனது. இப்போதுதான் முதல் முறையாக விழித்தேன் என்று நாட்குறிப்பில் எழுதுவார், அடுத்த வரியில் அதை அடித்துவிட்டு மறுபடி அதையே எழுதுவார். மனைவி டெபோரா அறைக்குள் வரும்போதெல்லாம், பல வருடம் கழித்துப் பார்ப்பவர் போலப் பாய்ந்து கட்டிக்கொள்வார். அவர் தேநீர் எடுத்து வரப் போய்த் திரும்பினாலும் அதே பாய்ச்சல். படங்களில் இது நெகிழ்ச்சியான முடிவாக இருந்திருக்கும். டெபோராவுக்கு இது ஒரு நாளில் பல தடவை நடக்கும் விஷயம். அவர் விலகிப் போய் வேறு வாழ்க்கைக்கு முயன்றார், திரும்பி வந்தார், 2002இல் இருவரும் திருமண உறுதிமொழியைப் புதுப்பித்துக்கொண்டார்கள். தேர்ந்தெடுக்கும் வேலை முழுவதும் ஞாபகம் உள்ளவர் தலையில் விழுகிறது.

சேமிப்பின் பக்கம் இரண்டு படங்கள். கொகொனாடாவின் 'ஆஃப்டர் யாங்'கில் (2021) பழுதான வீட்டு ரோபோவின் நினைவகத்தைத் திறந்து பார்க்கிறார்கள். ஒரு நாளைக்குச் சில நொடிகள் மட்டும் அது பதிந்து வைத்திருக்கிறது. எதைப் பதிய வேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. இலையில் விழும் வெயில், தேநீரில் சுழலும் தூள், அப்புறம் வீட்டில் யாருக்கும் தெரியாத ஓர் இளம்பெண்ணின் முகம், மறுபடி மறுபடி. யார் என்று தெரியாமலேயே, இது காதல் என்று பார்க்கிறவனுக்குப் புரிந்துவிடுகிறது.

மைக்கேல் ஆல்மரேய்டாவின் 'மார்ஜரி ப்ரைம்' (2017) ஜோர்டன் ஹாரிசனின் நாடகத்திலிருந்து வந்தது. ஞாபகம் தேய்ந்துவரும் மூதாட்டி மார்ஜரியின் எதிரே, இறந்த கணவர் வால்டர் நாற்பது வயது இளமையோடு ஒளியுருவாக உட்கார்ந்திருக்கிறார். அது ஒரு மென்பொருள். வால்டரைப் பற்றி நாம் என்ன சொல்கிறோமோ அதைக் கற்றுக்கொண்டு நமக்கே திருப்பிச் சொல்லும். அவர் திருமணத்துக்குக் கேட்ட இரவில் இருவரும் பார்த்த படத்தை அவர் நினைவூட்டுகிறார். ஒரு சாதாரண வணிகப் படம். அதற்குப் பதில் 'காசபிளாங்கா' பார்த்ததாக வைத்துக்கொள்வோமே, அடுத்த தடவை நாம் பேசும்போது அதுதான் நடந்ததாக இருக்கும் என்கிறாள் மார்ஜரி. சரி என்று அவர் குறித்துக்கொள்கிறார். நாடரின் எலிகளுக்கு ஊசி தேவைப்பட்டது. இவளுக்கு ஒரு சோபாவும் ஒரு நல்ல கேட்பவரும் போதும்.

அப்புறம் மார்ஜரியும் போகிறாள், அவளுக்கும் ஓர் ஒளியுரு வருகிறது. மகளும் போகிறாள், மகளுக்கும் வருகிறது. கடைசியில் ஒரு அறையில் மூன்று ஒளியுருக்கள் மட்டும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கின்றன. யாரோ சொன்னதை யாரோ நினைவுபடுத்த, இன்னொருவர் ஆமாம் என்கிறார். தப்பு என்று திருத்த வீட்டில் யாரும் இல்லை.